மாமாவின் பிரிண்டரும் சித்தப்பாவின் கம்ப்யூட்டரும்

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். போன வாரம் வீட்டில் நெட் நின்றதும் ஆளுக்கொரு அறையிலிருந்து ஓடிவந்தீர்கள். அவன்தான் எதையோ அமுக்கிவிட்டான் என்று பாப்பாவும், அக்காதான் என்று தம்பியும் கூடத்தில் நின்று சண்டை போட்டீர்கள். நான் எழுந்துபோய் வயரைப் பார்த்தேன். லேசாக நழுவியிருந்தது. அமுக்கிவிட்டதும் விளக்கு எரிந்தது. அப்போது பாப்பா, இதெல்லாம் உங்களுக்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தா என்று கேட்டாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு உப்பு லாரி ஓட்டுகிறவனைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விதான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எனக்குப் போன் வரும், உங்களுக்கு விளையாட்டு வரும். அதனால் எழுதுகிறேன். தப்புத்தவறு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், டீச்சரிடம் காட்ட வேண்டாம்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சாயல்குடிக்கு மேற்கே பஸ் வந்து திரும்பிப் போகும் கடைசி ஊர் எங்களுடையது. எங்கள் தெருவின் கீழக்கோடியில் என் தாய்மாமன் வீடு. மேலக்கோடியில் என் சித்தப்பாவின் மைக்செட் கடையும் வீடும். நடுவில் நாங்கள். மாமா பாலிடெக்னிக் படித்தவர், சாயல்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். சித்தப்பா எட்டாவதுதான், ஆனால் பழைய ரேடியோவைத் தட்டிப் பார்த்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். இரண்டு பேருக்கும் வயரும் ஈயமும்தான் பிழைப்பு. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள்.

அதற்குக் காரணம் நான்தான் என்று விளையாட்டாகச் சொல்வார்கள். குலசாமி கோயிலில் எனக்கு மொட்டை போட்டுக் காது குத்திய அன்று நடந்தது அது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவது வழக்கம். மாமா மேளதாளத்தோடு சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பித்தளைக் குடம், வேட்டி சேலை, மாலை போட்ட கிடாய் ஒன்று. யார் என்ன சீர் கொண்டுவந்தார்கள் என்று மைக்கில் சொல்ல வேண்டும். சித்தப்பா மைக்கைப் பிடித்து, "தாய்மாமன் சீர்" என்று ஆரம்பித்ததும் மைக் செத்துப்போனது. மாமாவின் பேரும் குடமும் கிடாயும் யார் காதிலும் விழவில்லை. பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவும்போது அதே மைக் தானாக உயிர் பிடித்துப் பாட ஆரம்பித்ததாம். என் மாமா நேராக சித்தப்பாவிடம் போய், வேண்டுமென்றுதானே நிறுத்தினாய் என்று நாலு பேர் முன்னால் கேட்டார். சித்தப்பாவுக்கும் ரோஷம். ஆமா, நிறுத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்குக் காது வலித்தது மட்டும்தான் நினைவு. மற்றதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டு நானே பார்த்ததுபோல ஆகிவிட்டது.

என் அய்யாவுக்கு ஒரு பக்கம் கூடப்பிறந்த தம்பி, இன்னொரு பக்கம் மச்சினன். அவர் எந்தப் பக்கமும் பேசாமல் மிளகாய்க் காட்டுக்குப் போய்விடுவார். அம்மாவால் அப்படி எழுந்து போக முடியவில்லை. அக்கா வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் கல்யாணத்தன்று மேடையில் தாய்மாமனும் நிற்க வேண்டும், சித்தப்பனும் நிற்க வேண்டும். அம்மாவின் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

இதற்கு நடுவில் எங்கள் ஊருக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு சார். பரமக்குடிக்காரர், கல்யாணமாகாதவர், எங்கள் தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பரமக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடுகிறார்கள், பழைய சாமான்களைத் தள்ளிவிடுகிறார்கள் என்று அவர் மாமாவிடமும் சொன்னார், சித்தப்பாவிடமும் சொன்னார். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் ஒரே நாளில் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒருவர் முன்னாலும் ஒருவர் கடைசி சீட்டிலுமாக உட்கார்ந்து போனார்கள். திரும்பியதும் அப்படியே. மாமா ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வாங்கியிருந்தார். சித்தப்பா வாங்கியது கொஞ்சம் புதிய கம்ப்யூட்டர். கூடவே பல வயர்களைச் செருகும் சுவிட்ச் பெட்டி ஒன்றும் வந்தது. அதைப் பிளக்கில் மாட்டினால் பச்சை விளக்குகள் மினுங்கும். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

இரண்டு கம்ப்யூட்டரிலும் உள்ளே இருந்ததை வைரஸ் தின்றிருந்தது. ஒரு புத்தகத்தோடு இலவசமாக வந்த சிடியில் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் இருப்பதாகவும், அதைக் காசில்லாமல் யாரும் போட்டுக்கொள்ளலாம் என்றும் சார் சொன்னார். அதன் படம் ஒரு பென்குயின். ஊரில் யாரும் பென்குயினைப் பார்த்ததில்லை. கறுப்பு வாத்து என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

சாருக்குத் தமிழில் கேள்வித்தாள் அடிக்க வேண்டும். தமிழ் எழுத்து சித்தப்பாவின் கம்ப்யூட்டர் பெட்டியில்தான் ஒழுங்காகத் தெரிந்தது. பிரிண்டரோ மாமாவிடம் இருந்தது. ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் மிதிக்க மாட்டார். சார் தலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார். அம்மா கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"ரெண்டையும் இங்கன கொண்டாந்து வைங்க சார். இது ரெண்டு பேருக்கும் பொது வீடுதான."

இப்படித்தான் எங்கள் கூடத்தில், நெல் மூட்டை வைத்திருந்த மூலையில், இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வடக்குச் சுவரைப் பார்த்தும் சித்தப்பா மேற்குச் சுவரைப் பார்த்தும் அவற்றின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

சார் முதல் நாளே ஒன்று சொன்னார். பிரிண்டரைக் கழற்றி இந்தப் பெட்டியில் செருகிவிட்டால் ஐந்து நிமிட வேலை என்றார். என் பிரிண்டர் எதற்கு அடுத்தவன் பெட்டியில் போக வேண்டும் என்று மாமாவின் முகம் கேட்டது. அடுத்தவர் பிரிண்டர் என் பெட்டிக்கு எதற்கு என்று சித்தப்பாவின் முகம் கேட்டது. சார் அதை மறுபடி சொல்லவே இல்லை. ஆக, பிரிண்டர் மாமாவின் பெட்டியிலேயே இருக்கும், சித்தப்பாவின் பெட்டி சுவிட்ச் வழியாக மாமாவின் பெட்டியிடம் கேட்டு அச்சடித்துக்கொள்ளும் என்று முடிவானது. இரண்டு மனிதர்கள் பேச மாட்டேன் என்றதால் இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேச வைக்கப் பாடுபட்டோம். உலகத்தில் வேறு எங்காவது இந்தக் காரணத்துக்காக நெட்வொர்க் போட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கும் வேலை கிடைத்தது. இருவருக்கும் நடுவில் தரையில் ஒரு சாக்கைப் போட்டு என்னை உட்கார்த்தினார்கள்.

மாமா சொல்வார், "ஏலே, உங்க சித்தப்பன்கிட்டச் சொல்லு. ரூட்டா உள்ள போயித்தான் பிரிண்டரச் சேக்கணும்னு."

சித்தப்பா ஒன்றரை முழம் தள்ளித்தான் இருக்கிறார். அவர் காதில் விழாமலா இருக்கும். ஆனாலும் நான் திரும்பி, "சித்தப்பா, ரூட்டா உள்ள போகணுமாம்" என்று சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். சொன்ன பிறகுதான் புதுச் சேதி கேட்டவர்போலத் தலையாட்டுவார். "போயாச்சாம், பாஸ்வேர்டு கேக்குதாம்னு உங்க மாமன்கிட்டச் சொல்லு." நான் இந்தப் பக்கம் திரும்புவேன். ரூட் என்பது கம்ப்யூட்டரின் முதலாளிக் கணக்கு என்று அப்போது தெரியாது, சொல்வது எதுவும் எனக்குப் புரியாது. ஆனால் ஒரு சொல்கூட விடாமல் சேர்ப்பேன். முதலில் திட்டுகளையும் அப்படியே சேர்த்தேன். "அந்த வெளங்காதவனுக்கு என்ன தெரியும்" என்று மாமா சொன்னதை நான் ஒப்பித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டு, காதைப் பிடித்து, வேலை சம்பந்தப்பட்டதை மட்டும் கொண்டுபோ, மிச்சத்தை முழுங்கிவிடு என்றாள். அதன்பிறகு நிறைய முழுங்கினேன்.

ஒரு நாள் சார் எனக்கு பிங் என்றால் என்னவென்று சொன்னார். இந்தப் பெட்டி அந்தப் பெட்டியைப் பார்த்து, இருக்கியா என்று ஒரு சத்தம் கொடுக்கும். அது, இருக்கேன் என்று சொன்னால் வழி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "நீ பாக்குற வேலதான்டா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பதில் வராவிட்டால் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி திரும்பத் திரும்ப ஓடும். போய்ச் சேர முடியவில்லையாம் என்று சார் தமிழில் சொல்வார். பல வாரம் எங்கள் கூடத்தில் அந்த வரிதான் ஓடியது.

மாமாவிடம் ஒரு கட்டளை இருந்தது. எது நின்றாலும் முதலில் வயரைப் பார்க்க வேண்டும். பெட்டியைத் திட்டாதே, புரோகிராம் எழுதினவனைத் திட்டாதே, வயரைப் பார். பட்டறையில் கற்றுக்கொண்டதாம். அவர் மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்ப்பார். பழுதில்லாத கம்பி என்றால் மீட்டர் கீச்சென்று கத்தும். அப்படித்தான் ஒரு முனையில் ஆரஞ்சுக் கம்பியும் பச்சைக் கம்பியும் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் வயர் வந்து சேரும் கார்டின் பல்லெல்லாம் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்ததைச் சித்தப்பா கண்டுபிடித்து, என் ரப்பரை வாங்கித் தேய்த்தே அதைத் தீர்த்துவிட்டார். ரப்பர் திரும்பி வரவில்லை. பிறகு பிரிண்டர் அச்சடித்தது, ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. காகிதம் முழுக்கக் காலிக் கட்டங்கள். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கோலம் நல்லாத்தான் இருக்கு என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எல்லாம் சரியாக ஓடியது. சார் அடித்த கேள்வித்தாள் சித்தப்பா பெட்டியிலிருந்து கிளம்பி மாமா பெட்டி வழியாகத் தெளிவான தமிழில் வந்து விழுந்தது. சார் கைதட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பிறகு அங்கே யாருக்கும் வேலை இல்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். சித்தப்பா தன் டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். அம்மா கருப்பட்டிக் காப்பியோடு அடுப்படியிலிருந்து வந்தபோது கூடத்தில் நானும் சாரும்தான் இருந்தோம். அவள் டம்ளர்களையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மிச்சக் காப்பியைச் சட்டியில் திரும்ப ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு நெட்வொர்க் வேலை செய்யவில்லை.

இருவரும் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். கார்டை மாற்றினார்கள், ஓடியது. அப்போ கார்டுதான் என்றார் மாமா. அதற்கடுத்த வாரம் மறுபடி நின்றது. வேறு வயரைப் போட்டார்கள், ஓடியது. அப்போ வயர்தான் என்றார் சித்தப்பா. மறு வாரம் நின்றது. லினக்ஸையே அழித்துப் புதிதாக ஏற்றினார்கள். எதைக் கழற்றி மாட்டினாலும் ஓடியது, வாரம் திரும்பினால் நின்றது. பல்லி என்றார்கள், கரண்டு ஏற்ற இறக்கம் என்றார்கள், கடல் காற்று என்றார்கள். சார் ராகுகாலம் வரைக்கும் போய்விட்டார். அம்மா பனங்கிழங்கு அவித்து வைத்தாள், சுண்டல் செய்தாள். இருவரும் ஒரே தட்டில் கைவைத்துத் தின்றார்கள், திரையைப் பார்த்தபடி.

அந்த நாட்களில் ஒரு மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கூடத்தில் அம்மா விளக்குமாறோடு குனிந்திருந்தாள். சுவிட்ச் பெட்டியில் செருகியிருந்த முனையில் ஒரு சின்ன நாக்கு உண்டு, அதை அமுக்கினால்தான் வயர் வெளியே வரும். அம்மா அந்த நாக்கைப் பெருவிரலால் அமுக்கி, வயரை ஒரு பொட்டளவுக்கு வெளியே இழுத்து, அப்படியே விட்டாள். பார்ப்பதற்குச் செருகியிருப்பதுபோலவே இருந்தது. ஒரு பச்சை விளக்கு அணைந்தது. பிறகு முந்தானையால் பிரிண்டரின் மேல் தூசியைத் துடைத்தாள்.

அம்மா, அதைத் தொடாதே, கெட்டுப்போகும் என்று நான் கத்தினேன். அவள் திடுக்கிட்டுத்தான் போனாள். உடனே சிரித்துக்கொண்டு, தூசி தட்டினேன்டா என்றாள்.

"மாமன்கிட்டச் சொல்லிறாத. பொட்டியத் தொட்டேன்னு தெரிஞ்சா என்னைய வையும்."

கையில் ஒரு சில்லுக் கருப்பட்டியும் வைத்தாள். நான் சொல்லவில்லை. கருப்பட்டிக்காக மட்டுமில்லை. பாவம், அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, தெரியாமல் கையை வைத்துவிட்டாள், மாமாவிடம் திட்டு வாங்க வேண்டாம் என்றுதான். ஏற்கெனவே எவ்வளவோ முழுங்கியவன், இதையும் முழுங்கினேன்.

தை பிறந்ததும் அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. வைகாசியில் கல்யாணம். பத்திரிகையை நம் வீட்டுப் பெட்டியிலேயே அடிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். சாயல்குடியில் பிரஸ் இருக்கிறதே என்று அய்யா சொன்னதற்கு, வீட்டில் இத்தனை பேர் இத்தனை மாதம் உட்கார்ந்து அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தார்கள் என்று கேட்டாள். அய்யா காட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா என்னைத்தான் மாமாவிடம் அனுப்பினாள். பத்திரிகையில் பேர் போட வேண்டும், தாய்மாமன் என்று மாமா பேர், சிறிய தகப்பனார் என்று சித்தப்பா பேர். மாமா பட்டறையில் காயில் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்.

"அவன் பேரு இருந்தா என் பேரப் போட வேணாம்னு சொல்லு. கல்யாணத்தன்னிக்கி அவன் மைக்குல கை வச்சா நான் பந்தல்ல இருக்க மாட்டேன். எம் மகளுக்குச் செய்யிறத முதல் நாளே வந்து செஞ்சிருவேன்."

அக்காவைத்தான் மகள் என்பார். நான் இதை ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சேர்த்தேன். அது வேலை சம்பந்தப்பட்டதா, முழுங்க வேண்டியதா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்ட அம்மா விறகைத் தள்ளிவிட மறந்ததில் அடுப்பு அணைந்தேபோனது. தாய்மாமன் இல்லாத மேடையில் பெண் எப்படி ஏறுவாள் என்று ஊர் கேட்கும். மாப்பிள்ளை வீடும் கேட்கும். அக்கா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், ஒரே துணியை அடித்துக்கொண்டே இருந்தாள்.

பத்திரிகை அடிக்கிற ஞாயிறு வந்தது. மாமா வந்தார். பேர் வேண்டாம் என்றவர் பெட்டிக்காக வந்தார். சித்தப்பாவும் வந்தார். சார் வாசகத்தை அடித்துவிட்டு, இரண்டு பேர்களும் வர வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். சார் முதலில் ஒரு சோதனைத் தாள் அனுப்பினார். வரவில்லை. பிங் போட்டார். போய்ச் சேர முடியவில்லை, போய்ச் சேர முடியவில்லை என்று வரி ஓடியது.

மாமா மீட்டரை டொக்கென்று தரையில் வைத்தார். "ஏலே, உங்க சித்தப்பன்கிட்டக் கேளு. போன வாரம் ஓடுனது இன்னிக்கி எப்பிடி நின்னுச்சு? நம்ம பேரு வாரப்ப மட்டும் எல்லாம் ஏன் நிக்கிதுன்னு கேளு."

நான் வழக்கம்போல அந்தப் பக்கம் திரும்பினேன். சித்தப்பா கையைக் காட்டி என்னைத் தடுத்தார்.

"சொல்லாத. கேட்டுருச்சு."

அவர் மேற்குச் சுவரிலிருந்து திரும்பி மாமாவைப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. "மச்சான்" என்றார். எனக்கு விவரம் தெரிந்து அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. சாரின் கை கீபோர்டில் அப்படியே நின்றது.

"மச்சான், இத்தன மாசமா இங்கன உக்காந்து என்னத்தச் செஞ்சோம்? கார்டப் பாத்தோம், பல்லப் பாத்தோம், ஈரக் காத்தக் கூடப் பாத்தோம். எது நின்னாலும் மொதல்ல வயரப் பாருன்னு நீங்கதான சொன்னீக. அன்னிக்கி மைக்கு நின்னப்ப மட்டும் ஏன் வயரப் பாக்காம என் மூஞ்சியப் பாத்தீக?"

மாமா கையிலிருந்த வயர்த் துண்டின் உறையை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டு முகத்தையும் பார்த்தேன். யார் சொல்வதை யாரிடம் சேர்ப்பது என்று தெரியாமல் என் வாய் திறந்தபடி இருந்தது.

கடைசியில் மாமா கேட்டார், "அந்த வயரு இருக்கா?"

"இருக்கு."

"எடுத்தா."

சித்தப்பா என்னை அனுப்பவில்லை, அவரே போனார். டிவிஎஸ் சத்தம் மேலக்கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. கையில் ஒரு கறுப்பு மைக் வயர், சுருட்டிச் சணல் போட்டுக் கட்டியிருந்தது. கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கும் அது. பழுது பார்க்கவும் மாட்டார், தூக்கிப்போடவும் மாட்டார், வாடகைக்குப் போகும் செட்டில் அதைச் சேர்க்கவும் மாட்டார். ஏன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதே இல்லை.

மாமா சணலை அவிழ்த்தார். இரண்டு முனையிலும் மீட்டரின் ஊசிகளை வைத்தார். கீச்சென்று கத்தியது, வயரில் ஒன்றுமில்லை என்பதுபோல. மாமா ஊசியை எடுக்காமல் வயரை ஒவ்வொரு சாணாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே போனார். மைக்கில் செருகும் முனைக்குப் பக்கத்தில் மடக்கியபோது சத்தம் நின்றது. நிமிர்த்தினார், கத்தியது. மறுபடி மடக்கினார், நின்றது. உறைக்குள் கம்பி விட்டுப்போயிருந்தது. தொட்டுக்கொண்டிருந்தால் பேசும், அசைந்தால் செத்துவிடும்.

இந்தக் கம்பி ஆணியில் தொங்கிய வருஷங்களில்கூட விட்டுப்போயிருக்கலாமே என்று சொல்லத்தானோ என்னவோ, சார் வாயைத் திறந்தார். அம்மா சூடான காப்பியை அவர் கையில் வைத்தாள். சார் ஊதிக் குடித்தார்.

"நீ ஏன்டா அன்னிக்கி நிறுத்துனேன்னே வச்சுக்கன்னு சொன்ன?" மாமா வயரைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீங்க கேட்ட கேள்விக்கி வேற என்ன சொல்ல?"

மாமா வயரின் கெட்டுப்போன முனையை வெட்டினார். உறையைச் சீவினார். "ஈயக்கோல சூடு பண்ணு" என்றார். சித்தப்பா பண்ணினார். ஒரே ஆளால் பற்றவைக்க முடியாது, ஒருவர் கம்பியை அசையாமல் பிடிக்க வேண்டும். "புடி" என்றார் மாமா. சித்தப்பா பிடித்தார். ஈயப்புகை எழுந்து இருவர் கண்ணிலும் பட்டது. அப்போது அய்யா காட்டிலிருந்து வந்தார். தம்பியும் மச்சினனும் ஒரே வயரின் மேல் தலைமுட்டக் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கால்கூடக் கழுவாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பற்றவைத்து முடிந்ததும் சித்தப்பா சுவிட்ச் பெட்டிப் பக்கம் கையை நீட்டினார். "இங்க பாருங்க மச்சான், இது ஏறவே இல்ல." அமுக்கினார். டிக்கென்றது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் பதில் வர ஆரம்பித்தது.

"இது எப்பிடி வெளிய வந்துச்சு?" என்றார் மாமா.

"எலி" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "நேத்துக்கூட ஓடுச்சு, இம்புட்டுப் பெருசு."

எங்கள் வீட்டில் எலி இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அவசரமாக ஒரு சட்டியைக் கவிழ்த்து அதன் அடியைச் சோதித்தாள். திட்டுக்குப் பயந்து பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். காட்டிக்கொடுக்கவில்லை.

சார் யாரையும் கேட்காமலே காலி இடத்தில் இரண்டு பெயர்களையும் அடித்தார். மாமா பார்த்துக்கொண்டே பிரிண்டரில் தாளை அடுக்கினார். பிரிண்டர் கரகரவென்று இழுத்து முதல் பத்திரிகையைத் தள்ளியது. தாய்மாமன் பேரும் சிறிய தகப்பனார் பேரும் ஒரே வரியில் அக்கம்பக்கமாக இருந்தன. அக்கா அதைச் சூடு ஆறுமுன் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று சித்தப்பா அதே வயரைத்தான் மைக்கில் செருகியிருந்தார். மாமா சீரோடு வந்தபோது ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், குடத்தையும் குத்துவிளக்கையும் சொன்னார், வாழைத்தாரில் எத்தனை சீப்பு என்றுகூடச் சொல்லியிருப்பார். காதுகுத்துச் சீரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்தக் கிடாயை யாரும் மறந்துவிட வேண்டாம் என்றார். பந்தலே சிரித்தது. மாமா கூச்சத்தில் நெளிந்து, என்னைத் தேடினார், நிறுத்தச் சொல்லி அனுப்பத்தான். நான் ஓடிப் பக்கத்தில் போவதற்குள், "போதும் மாப்ள, நிறுத்து" என்று அவரே சத்தம் போட்டுவிட்டார்.

அதன்பிறகு இரண்டு பெட்டிகளும் எங்கள் வீட்டைவிட்டுப் போயின. மாமா பெட்டி கீழக்கோடிக்கு, சித்தப்பா பெட்டி மேலக்கோடிக்கு. நடுவில் எங்கள் வீட்டு ஓட்டின் மேலாக வயர் இழுத்தார்கள். ஒரே இழுப்பில் எட்டவில்லை என்று இரண்டு பக்கத்து வயரும் எங்கள் கூடத்தில் சந்திக்கும்படி சுவிட்ச் பெட்டியை மட்டும் இங்கேயே விட்டார்கள். ஒரு பச்சை விளக்கு மாமாவுக்கு, ஒன்று சித்தப்பாவுக்கு. அவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனார்கள், தெருவில் நின்று பேசினார்கள், பேசிச் சண்டைகூடப் போட்டார்கள். சார் யார் வீட்டில் கேள்வித்தாள் அடிப்பது என்று திணறினார்.

எனக்குத்தான் வேலை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நெல் மூட்டை பழைய மூலையில் உட்கார்ந்திருந்தது. சாக்கை விரித்து உட்கார்ந்து பார்ப்பேன், திரும்பிச் சொல்ல இந்தப் பக்கமும் ஆள் இல்லை, அந்தப் பக்கமும் ஆள் இல்லை. அம்மா பாட்டை முணுமுணுத்தபடி கூட்டிக்கொண்டு வருவாள். சுவிட்ச் பெட்டிப் பக்கம் வந்ததும் விளக்குமாற்றை மெதுவாக வளைத்து, வயரில் படாமல் சுற்றிக் கூட்டிவிட்டுப் போவாள். ஒருவழியாக அம்மா அதைத் தொடாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம். அய்யா தூங்கிக்கொண்டிருந்தார், அம்மா தண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊற்றுக்குப் போயிருந்தாள். நான் சுவிட்ச் பெட்டியின் முன்னால் போய்க் குனிந்தேன். அம்மா செய்ததுபோலவே அந்தச் சின்ன நாக்கைப் பெருவிரலால் அமுக்கி, வயரை ஒரு பொட்டளவுக்கு இழுத்துவிட்டேன். ஒரு விளக்கு அணைந்தது. சாக்கை எடுத்து நடுக்கூடத்தில் விரித்து வைத்துவிட்டு, வாசல்படியில் வந்து உட்கார்ந்து, கீழக்கோடியையும் மேலக்கோடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.